வராதவங்களைத் தேடிப் போவோம்: ஊர்ப் பொதுக் காரியத்தில் நம்ம குழுவின் பங்கு



இந்த மாதப் பாடம் சேமிப்பு, கடன் பற்றியது அல்ல. ஊர்ப் பொதுக் காரியங்களுக்கும் தர்ம காரியங்களுக்கும் நாம் எப்படிக் கை கொடுப்பது என்பது பற்றியது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து கேட்கவும். இடையில் கேள்வி வரும் இடத்தில் நிறுத்தி, எல்லோரும் பேசிய பிறகு மேலே வாசிக்கவும். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

பாடத்தின் நோக்கம்

* எந்தக் காரியத்துக்குக் குழு ஆதரவு தரலாம் என்று கேட்டு முடிவு செய்யப் பழகுதல்.
* காசைத் தவிர குழு வேறு என்ன கொடுக்க முடியும் என்று அறிதல்.
* கண் சிகிச்சை முகாமை உதாரணமாக வைத்து, நம்ம ஊருக்கு ஒரு வேலைத் திட்டம் போடுதல்.

1. எல்லாக் காரியத்துக்கும் நம்மகிட்ட வர்றாங்க

குழு ஆரம்பித்த புதிதில் நம்மை யாரும் கண்டுகொள்ளவில்லை. "பொம்பளைங்க கூடிக் கூடிப் பேசுறாங்க" என்றுதான் சொன்னார்கள். இப்போது அப்படி இல்லை. ஊரில் எது நடந்தாலும் குழுவைத் தேடி வருகிறார்கள். கோயில் கொடைக்கு நன்கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பரிசு, அன்னதானத்துக்கு அரிசி, ரத்ததான முகாமுக்கு ஆள், கண் முகாமுக்குக் கூட்டம். 2023 டிசம்பரில் நம்ம தூத்துக்குடி மாவட்டத்தில் வெள்ளம் வந்தபோது தாமிரபரணிக் கரை ஊர்களுக்குத் துணிமணி, பாய், பாத்திரம் என்று பல ஊர்களில் இருந்தும் போனது. அதில் குழுப் பெண்கள் கையும் இருந்தது.

இது நமக்குப் பெருமைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் நம்மைக் கூப்பிடுவது கூட்டம் சேர்க்கத்தான். "ஒரே கலர் சேலை கட்டி ஐம்பது பேர் வந்துருங்க" என்கிறார்கள். போகிறோம், உட்காருகிறோம், கை தட்டுகிறோம், வந்துவிடுகிறோம். அந்தக் காரியத்தால் யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டால் பதில் தெரிவதில்லை.

நிறுத்திப் பேசவும்: கடந்த ஒரு வருடத்தில் நம்ம குழு எந்தெந்தப் பொதுக் காரியத்துக்குப் போனது? அதனால் பலன் அடைந்த ஒரு ஆளின் பெயரை உங்களால் சொல்ல முடியுமா?

2. கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

யார் வந்து ஆதரவு கேட்டாலும், உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம். "கூட்டத்துல வச்சுச் சொல்றோம்" என்று சொல்லுங்கள். கூட்டத்தில் இந்த நான்கையும் கேளுங்கள்.

முதல் கேள்வி: இது யாருக்குப் போய்ச் சேரும்? ஊரில் ரொம்ப முடியாத ஆள் யாரோ, அவருக்குச் சேருமா? முன்வரிசையில் நிற்கிறவருக்கு மட்டும் கிடைக்கிற உதவி பாதி உதவிதான்.

இரண்டாவது கேள்வி: நாங்க செய்ய வேண்டியது என்ன? காசா, உழைப்பா, ஆள் கூட்டி வருவதா? கேட்கிறவர் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்வி: கணக்கு யார் காட்டுவாங்க? நன்கொடை வாங்குகிற அமைப்பு பதிவு செய்ததா? ரசீது தருவார்களா? வரவு செலவை ஊர்க் கூட்டத்தில் வாசிப்பார்களா? நம்ம குழுவில் அஞ்சு ரூபாய் குறைந்தாலும் கணக்கு கேட்கிறோம். வெளியில் கொடுக்கும் காசுக்கும் அதே மாதிரி கேட்கலாம், தப்பே இல்லை. ரசீது கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் கொஞ்சம் ஒதுங்கியே இருங்கள்.

நான்காவது கேள்வி: முடிஞ்ச பிறகு என்ன? பந்தலைப் பிரித்ததும் காரியம் முடிந்துவிடுமா, இல்லை பிறகும் யாராவது வந்து பார்ப்பார்களா?

கோயில் கொடைக்கு இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு என்று நினைக்கலாம். சாமி காரியம் வேறு, அது அவரவர் விருப்பம். தலைக்கட்டு வரி எல்லா வீட்டிலும் கொடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் குழுவின் பெயரில் கொடுப்பதாக இருந்தால் தீர்மானம் வேண்டும். குழுவில் பல சாதி, பல மதத்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு விருப்பம் இல்லாததைக் குழுவின் பெயரில் செய்யக் கூடாது.

இந்த நான்கு கேள்வியையும் கண் சிகிச்சை முகாமுக்குப் போட்டுப் பார்ப்போம். நம்ம பகுதியில் அடிக்கடி நடப்பது அதுதான். அதோடு, அந்த முகாம்களைப் பெரிய அளவில் வளர்த்தவர் நம்ம மண்ணுக்காரர்.

3. கரிசல் மண்ணில் பிறந்த கண் டாக்டர்

டாக்டர் ஜி. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி பிறந்தார். விவசாயக் குடும்பம். அவர் சிறுவனாக இருந்தபோது சொந்தத்தில் மூன்று பெண்கள் கர்ப்பகாலச் சிக்கலால் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் கிடையாது. டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அதனால்தான் வந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பிரசவ மருத்துவராகத்தான் ஆசைப்பட்டார். ஆனால் கடுமையான முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்தக் கையோடு பிரசவம் பார்க்க முடியாது. விட்டுவிடாமல் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களாலேயே கருவியைப் பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

மதுரை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்திலேயே கிராமங்களுக்குப் போய்க் கண் முகாம் நடத்தினார். ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் ஜி. நாச்சியார் உட்பட குடும்பமே கூட நின்றது. பணம் கட்ட முடிந்தவர்களிடம் கட்டணம் வாங்குவது, அந்த வருமானத்தைக் கொண்டு முடியாதவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பது என்பதுதான் அங்கே முறை. 1988-ல் திருநெல்வேலியிலும் மருத்துவமனை வந்தது. டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-ம் தேதி காலமானார். இன்றைக்கு உலகத்தில் பல நாட்டு டாக்டர்கள் இந்த முறையைப் பார்த்துப் படித்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னொரு விஷயமும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கண் பரிசோதனை, நோயாளி கவனிப்பு போன்ற வேலைகளில் பெரும் பகுதியைச் செய்வது கிராமத்துப் பெண் பிள்ளைகள். பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்வு செய்து பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண் இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

4. முகாம் எப்படி நடக்குது?

முகாமுக்கு ஊர்க்காரர்களோ ஒரு சங்கமோ பொறுப்பு எடுக்கிறார்கள். இடம், பந்தல், நோட்டீஸ், மைக், வேலை செய்ய ஆட்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. டாக்டர்களும் கருவிகளும் மருத்துவமனையில் இருந்து வரும். பெயர் பதிவது, பார்வை அளவு பார்ப்பது, கண் நீர் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடி அளவு எடுப்பது, கடைசியில் டாக்டர் பார்ப்பது என்று வரிசையாக நடக்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள்.

கண்ணில் புரை முற்றி இருந்தால் அறுவை சிகிச்சைக்கு அன்றைக்கே வண்டியில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார்கள். ஊரில் பந்தலுக்குள் வைத்து அறுவை செய்வது கிடையாது. செய்யவும் கூடாது, சுத்தமான அறுவை அரங்கில்தான் செய்ய வேண்டும். லென்ஸ், மருந்து, சாப்பாடு எல்லாம் இலவசம். திரும்பக் கொண்டு வந்தும் விடுவார்கள். ஒரு மாதம் போல் கழித்து மறுபரிசோதனை இருக்கும். அரசு மருத்துவமனைகளிலும் புரை அறுவை இலவசம்தான்.

கண்புரை என்றால் என்ன? கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதானால் அது பழைய கண்ணாடி மாதிரி மங்கிப் போகும். சொட்டு மருந்து, தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதனாலும் அது சரியாகாது. கண்ட சாற்றை ஊற்றினால் இருக்கிற கண்ணும் கெட்டுப் போகும். மங்கிய லென்சை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைப்பது ஒன்றே வழி. அந்த அறுவைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

இவ்வளவு வசதி இருக்கிறது. மணியாச்சியில் ரயில் ஏறினால் திருநெல்வேலி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பிறகு ஏன் நம்ம தெருவில் இன்னும் திண்ணையைத் தடவித் தடவி நடக்கிற பெரியம்மாக்கள் இருக்கிறார்கள்?

நிறுத்திப் பேசவும்: உங்கள் தெருவில் கண் தெரியாமல் சிரமப்படுகிறவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் விரல் விட்டு எண்ணிச் சொல்லுங்கள்.

5. நூறு பேரில் ஏழு பேர்

இதே கேள்வியைப் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள். அரவிந்த் மருத்துவமனையினரும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து முகாம் நடக்கிற கிராமங்களில் ஒரு ஆய்வு செய்தார்கள். 1999-ல் அது வெளியானது. கண்ணில் கோளாறு இருக்கிறவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் போலத்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். மீதி 93 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். முகாம் பக்கத்திலேயே நடக்கிறது, அதுவும் இலவசம், அப்படியும் வரவில்லை.

முகாம் நடந்த அன்றைக்குப் பார்த்தால் கூட்டம் அலைமோதும். "அமோக வெற்றி" என்று நோட்டீசில் போடலாம். வந்தவர்களை எண்ணுவதால் அப்படித் தெரிகிறது. வராதவர்களை எண்ணினால்தான் உண்மை தெரியும்.

வீட்டிலேயே இருந்தவர்கள் சொன்ன காரணங்கள் என்ன? கண்ணுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, வயதானால் இப்படித்தான் என்ற எண்ணம், எப்படியோ சமாளிக்கிறேன் என்ற மனசு. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி:

"வயசானா கண்ணு மங்கத்தாஞ் செய்யும்."
"இருக்க கண்ணும் போயிட்டா யாரு பொறுப்பு?"
"கூட வர்றதுக்கு ஆளு இல்ல. மகன் லீவு போட்டா சம்பளம் போயிரும்."
"ஆடு மாட்ட யாரு பாப்பா?"
"எனக்கு எதுக்கும்மா? இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப் போறேன், சமாளிச்சுக்கிடுதேன்."

கடைசிப் பதிலைப் பெரும்பாலும் பெண்கள்தான் சொல்கிறார்கள். பல நாடுகளில் செய்த ஆய்வுகளிலும் இதே நிலைதான். புரை வருவது பெண்களுக்கு அதிகம், அறுவை செய்துகொள்வது ஆண்களைவிடக் குறைவு. வீட்டில் தாத்தாவுக்குக் கண் தெரியவில்லை என்றால் காடுகரை வேலை நின்றுவிடும், கூட்டிப் போகிறார்கள். பாட்டிக்குத் தெரியவில்லை என்றால் "அவ வீட்லதானே இருக்கா" என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சமாளிப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்க முடியாது. அடுப்புப் பக்கம் போகப் பயம். ராத்திரி வெளிக்குப் போக வழி தெரியாது. விறகுக்குள் தேள் கிடந்தாலும் தெரியாது. தட்டில் எதைப் போட்டார்கள் என்று தெரியாது. மருமகள் நல்லவளாகவே இருந்தாலும் ஒரு நாளில் பத்துத் தடவை கூப்பிட வேண்டி இருக்கும், அதற்குக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிக்காமல் கிடப்பார்கள். சில வீடுகளில் பாட்டிக்குத் துணையாக ஒரு பேத்தியை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். பாட்டியின் கண்ணோடு சேர்ந்து பேத்தியின் படிப்பும் போகிறது. இருபது நிமிடத்துக்குள் முடிகிற ஒரு சிகிச்சையைச் செய்யாததால் இத்தனை கஷ்டம்.

6. ஒவ்வொரு பதிலுக்கும் நம்ம பதில்

"வயசானா அப்படித்தான்" என்றால்: நரை வருவதை மாற்ற முடியாது. புரையை மாற்ற முடியும். அதே தெருவில் ஆபரேசன் செய்துகொண்ட ஒருவரைக் கூட்டிப் போய்ப் பேசச் சொல்லுங்கள். நாம் பத்துத் தடவை சொல்வதைவிட அவர் ஒரு தடவை சொன்னால் எடுபடும்.

"வெயில் காலத்துல ஆபரேசன் ஆகாது" என்றால்: அது பழைய எண்ணம். இப்போதைய சிகிச்சைக்கு எந்த மாதமும் ஒன்றுதான்.

"பயமா இருக்கு" என்றால்: கேலி செய்யாதீர்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு முகாம் மூலம் அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் கிருமித் தொற்றால் பார்வை இழந்தார்கள். அப்படி நடப்பது மிக அபூர்வம். ஆனாலும் நடந்தது உண்மை. அதனால்தான் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறோம். அறுவை எந்த மருத்துவமனையில், மறுநாள் யார் பார்ப்பார்கள், ஊருக்கு வந்த பிறகு வலி வந்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது? இதற்குப் பதில் வாங்கி எழுதி வைத்த பிறகே மக்களைக் கூட்டிப் போக வேண்டும். பதில் கையில் இருந்தால் நாமும் தைரியமாகப் பேசலாம்.

"ஆடு மாட்ட யாரு பாப்பா" என்றால்: இதற்குப் பதில் டாக்டரிடம் கிடையாது, அரசாங்கத்திடமும் கிடையாது. குழுவிடம்தான் இருக்கிறது.

ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முகாமில் ஒரு பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வண்டி நின்றுகொண்டிருக்கிறது, அவர் ஏறவே மாட்டேன் என்கிறார். பயம் என்று நினைத்து எல்லோரும் தைரியம் சொன்னார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர், "ஏன் பெரியம்மா, ஆட்டுக்குட்டிய நினைச்சா யோசிக்கீங்க? மூணு நாளைக்கு நான் கட்டிக்கிடுதேன், நீங்க ஏறுங்க" என்றார். ஏறிவிட்டார். பந்தலுக்கும் மைக்குக்கும் ஆயிரக்கணக்கில் செலவானது, அதுவும் தேவைதான். ஆனால் அந்தப் பெரியம்மாவுக்குக் கண் கிடைத்தது, மூணு நாள் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்ட ஒரு பெண்ணால்தான். காசு இல்லாத உறுப்பினரும் இந்தத் தர்மத்தைச் செய்யலாம்.

7. குழு செய்ய வேண்டிய வேலைகள்

முகாமுக்கு முன்னால்

* காலம் பார்த்துத் தேதி கேளுங்கள். புரட்டாசி, ஐப்பசி விதைப்பு, அடுத்து களையெடுப்பு, தையில் உளுந்து, பாசி எடுப்பு, பிறகு பருத்தி எடுப்பு என்று இருக்கும்போது யாரும் வர மாட்டார்கள். சித்திரைக்கு மேல் ஆவணிக்குள் நல்லது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோது.
* உறுப்பினர் ஒருவருக்குப் பத்து வீடு என்று பிரித்துக்கொண்டு, முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே வீடு வீடாகப் போங்கள். காலனி, ஊர் ஓரத்து வீடு, தனியாக இருக்கும் முதியவர் வீடு எதையும் விடாதீர்கள். அங்கேதான் முதலில் போக வேண்டும்.
* வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வெளிச்சத்தில் உட்கார வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். பத்து அடி தூரத்தில் நின்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். அடுத்த கண்ணுக்கும் அப்படியே. எண்ண முடியாவிட்டால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை, யாரைக் கண்டிப்பாகக் கூட்டிப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.
* சர்க்கரை நோய் இருக்கிறவர்களையும், நாற்பது வயது தாண்டியவர்களையும் வரச் சொல்லுங்கள். சர்க்கரையால் வரும் கண் கோளாறும், கண் நீர் அழுத்த நோயும் ஆரம்பத்தில் வலிக்காது, தெரியாது. போன பார்வையைத் திருப்பவும் முடியாது. முன்கூட்டியே பார்த்தால் இருப்பதைக் காப்பாற்றலாம்.
* ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதுங்கள்: பெயர், வயது, எந்தக் கண், சர்க்கரை உண்டா, கூட வருவது யார், வீட்டையும் ஆடு மாட்டையும் பார்ப்பது யார். கடைசி இரண்டு கட்டமும் நிரம்பாத வீட்டுக்குத் திரும்பவும் போக வேண்டும்.

முகாம் அன்றைக்கு

* நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு யார் வரவில்லை என்று பாருங்கள். ஆட்டோவோ பைக்கோ அனுப்பிக் கூட்டி வாருங்கள்.
* பயன்படுத்துகிற மருந்துச் சீட்டு, அடையாள அட்டை, இரண்டு செட் துணி எடுத்து வரச் சொல்லுங்கள்.
* முதியவர்களுக்கு உட்கார இடம், குடிதண்ணீர், கஞ்சி ஏற்பாடு செய்யுங்கள். சர்க்கரைக்காரர்கள் பசியோடு நிற்கக் கூடாது.
* எந்தக் கட்சிக் கொடியும் பேனரும் பந்தலுக்குள் வேண்டாம். கண்ணில் கட்டோடு இருக்கிறவரை நிறுத்திப் படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம். உதவி வாங்குகிறவருக்கும் மானம் உண்டு.

முகாமுக்குப் பிறகு

* அறுவை முடிந்து வந்தவர்களை முதல் வாரம் தினமும் ஒரு உறுப்பினர் போய்ப் பார்க்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சொட்டு மருந்து விட வேண்டும். டாக்டர் சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது.
* கண்ணைக் கசக்கக் கூடாது. கண்ணில் தண்ணீர், அடுப்புப் புகை, தூசி படக் கூடாது. குடம், விறகு தூக்கக் கூடாது. "சொகமாயிட்டேன்" என்று நாலாம் நாளே காட்டுக்குக் கிளம்புகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.
* வலி, சிவப்பு, சீழ், பார்வை திடீரென்று மங்கல் இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.
* மறுபரிசோதனைக்கு எல்லோரும் போனார்களா என்று நோட்டில் குறியுங்கள். அதற்குப் பிறகுதான் முகாம் முடிந்ததாகக் கணக்கு.

8. பணம் எங்கிருந்து?

சேமிப்பு, சுழல்நிதி, வங்கிக் கடன் இவற்றில் ஒரு ரூபாய் கூடப் பொதுக் காரியத்துக்கு எடுக்கக் கூடாது. அது உறுப்பினர்களின் முதல். பொதுக் காரியத்துக்குத் தனி உண்டியல், தனி நோட்டு வேண்டும். விருப்பப்பட்டவர் மட்டும் மாதம் 5 ரூபாய் போடலாம். 14 பேர் உள்ள குழுவில் மாதம் 70 ரூபாய். பத்துக் குழு சேர்ந்தால் 700 ரூபாய். வருடத்துக்கு 8,400 ரூபாய். நோட்டீஸ், ஆட்டோ, கஞ்சிச் செலவுக்கு இது உதவும். போட முடியாதவரைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது. அவர் பத்து வீட்டுக்குப் போய் வந்தாலே போதும்.

திடீர்ச் செலவுக்கு நம்ம பழைய வழக்கங்களையே பயன்படுத்தலாம். 2022-ல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்தபோது, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் அந்த மக்களுக்காகத் தன் கடையில் மொய் விருந்து வைத்துப் பணம் சேர்த்தார். கல்யாண வீட்டில் எழுதுகிற மொய் மாதிரியே, டீ குடித்தவர்கள் இஷ்டப்பட்டதைப் போட்டார்கள். இப்படி எது செய்தாலும் வந்த தொகையையும் செலவையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட வேண்டும்.

9. கண் தானம் பற்றி ஒரு வார்த்தை

புரையால் போன பார்வை அறுவையில் திரும்பிவிடும். கருவிழி கெட்டுப் போனவர்களுக்கு இன்னொருவர் தானம் செய்த கருவிழிதான் வழி. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். முகம் விகாரமாகாது. சொல்லி அனுப்பிவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் போதும். எழுதிக் கொடுத்திருந்தாலும் வீட்டார் சம்மதம் வேண்டும். அதனால் உயிரோடு இருக்கும்போதே வீட்டில் பேசிவைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவாரம். அந்த நாட்களில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசலாம்.

10. கலந்து பேசுங்கள்

* அடுத்து நம்ம ஊரில் நடக்கப் போகும் பொதுக் காரியம் எது? நான்கு கேள்விக்கும் என்ன பதில் கிடைக்கிறது?
* நம்ம குழு உறுப்பினர்களிலேயே கண் தெரியாமல், பாஸ் புத்தகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இருக்கிறாரா?
* கண் முகாமுக்குச் செய்கிற இந்த வேலையை ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாம் போன்றவற்றுக்கும் செய்யலாமா?

தீர்மானப் புத்தகத்தில் எழுத ஒரு மாதிரி

"நமது குழு உறுப்பினர்கள் ஆளுக்குப் பத்து வீடு வீதம் பிரித்துக்கொண்டு, கண் பார்வைக் குறைவு உள்ளவர்களின் பட்டியலை அடுத்த கூட்டத்துக்குள் தயாரிப்பது என்றும், முகாமுக்குப் போகிறவர்களின் வீட்டையும் ஆடு மாடுகளையும் திரும்பி வரும் வரை பார்த்துக்கொள்வது என்றும், பொதுக் காரியத்துக்குத் தனி உண்டியலும் தனிக் கணக்கும் வைப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கியதோடு நிறுத்த வேண்டாம். அடுத்த மாதம் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதிகள் ஊர் வாரியாக எழுதிய அந்த நோட்டைக் கையோடு கொண்டு வரவும். எல்லா ஊர்ப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்த பிறகு, முகாமுக்கு எந்த ஊரில் இடம் கேட்பது என்று முடிவு செய்வோம்.